எட்னா மலையில் கலா

லண்டனில் வெயில் முப்பது பாகை செல்சியஸைத் தொட்டால் நாட்டுக்கே காய்ச்சல் வந்ததுபோல ஆகிவிடும். கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் படியிறங்கும்போதே அறிவிப்புக் காதில் விழும்: கையில் தண்ணீர் வைத்திருங்கள், சுகமில்லாவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி உதவி கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கைக்கு இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். முப்பது பாகை அங்கே விடிகாலை வெயில். இங்கே வெள்ளைக்காரர் அந்த வெயிலுக்கென்றே லீவு போட்டுவிட்டுப் பார்க்கில் சட்டையைக் கழற்றிப்போட்டு, முன்னும் பின்னுமாகப் புரண்டு புரண்டு தங்களை வாட்டிக்கொள்வார்கள். நாங்கள் கர்ட்டினை இழுத்து மூடிவிட்டு ஃபானுக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தச் சனத்துக்கு என்ன விசர் என்று கேட்டுக்கொண்டிருப்போம். முந்தி இதெல்லாம் எனக்குப் பகிடி. இப்போது அந்த அறிவிப்புத் தொடங்கினாலே காதைப் பொத்திக்கொள்கிறேன். போன கோடையில் நாங்கள் மூன்று பேர் கைநிறையத் தண்ணீர்ப் போத்தல்களுடன்தான் அந்த மலையில் ஏறினோம்.

மலை என்றால் சாதாரண மலை இல்லை, எரிமலை. இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் எட்னா. மூன்று பேர் என்பது நான், தவமக்கா, கலா. மூவரும் ஒரே பாடசாலையின் சமையலறையில் வேலை செய்கிறவர்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மத்தியானம் பாஸ்தாவும் அவித்த கரட்டும் போடுகிறவர்கள். தவமக்கா எங்களில் மூத்தவர், எதற்கும் அவசரப்படாதவர். கலா அவருக்கு நேர்மாறு. கதை, சிரிப்பு, சண்டை எல்லாம் சத்தமாகத்தான் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து அவள் நேரே லண்டனுக்கு வரவில்லை. சிசிலியில் கத்தானியா என்ற நகரத்தில் பல வருடம் வீட்டுவேலை செய்தவள். பிறகு பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று, இத்தாலிப் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்து குடியேறலாம் என்றிருந்த காலத்தில், புருஷனையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இத்தாலியன் பாஷையில் அவளுக்கு ஒரு தீராத கோபம் இருந்தது. பாடசாலையில் ஓர் இத்தாலிய ஆசிரியை இருந்தார். அவரோடு நீ கதைக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். "அது கக்கூஸ் கழுவின பாஷையடி. அதிலை எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஓம் சிஞ்ஞோரா, இப்ப செய்யிறன் சிஞ்ஞோரா. இங்கை வந்தாப் பிறகு வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை" என்றாள். சிஞ்ஞோரா என்பது அங்கே வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுகிற சொல். அவள் பராமரித்த கிழவி ஒருத்தியின் பல்கனியிலிருந்து பார்த்தால் எட்னா தெரியுமாம். காலையில் பல்கனியைக் கழுவும்போது மலை புகைந்துகொண்டிருக்கும். சில நாட்களில் கழுவி முடிக்க முதலே சாம்பல் வந்து விழுந்து திரும்பவும் கழுவ வைக்கும். அத்தனை வருடம் இருந்தும் அவள் ஒருதரம்கூட அந்த மலைக்குப் போனதில்லை. வேலைக்காரிக்கு ஏது மலை?

"ஒருக்கா டூரிஸ்ட் மாதிரிப் போகவேணும் ரஞ்சி. கண்ணாடி போட்டுக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு. என்னைக் கண்டு ஆரும் சிஞ்ஞோரா எண்டு கூப்பிடவேணும்" என்று கலா என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். பாடசாலை லீவு விட்டதும் மலிவான பிளேன் டிக்கெட் பார்த்து எங்களை இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். புருஷன்மாரை விட்டுவிட்டு நாங்கள் போன முதல் பயணம் அது.

நாங்கள் மலை தெரியாத சனம். யாழ்ப்பாணத்தில் கீரிமலை என்று பெயர்தான் இருக்கிறது, போய்ப் பார்த்தால் கேணியும் கடலும். கேபிள் காரில் ஏறி மேலே இறங்கியதும் தவமக்கா, "இது போதும் பிள்ளை, இதிலை நிண்டு படமெடுப்பம்" என்றார். கலா கேட்கவில்லை. அதற்கு மேலே போகிற கறுப்பு மண்பாதையில் அவள் முன்னால் நடந்தாள். ஒரு மரமில்லை, புல்லில்லை. கரியை இடித்துக் கொட்டியதுபோல மண். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். காற்றுக் குளிர்ந்தது, ஆனால் வெயில் தோலைச் சுட்டது. தீக்குச்சி உரசிய மணம் எங்கேயிருந்தோ வந்துகொண்டிருந்தது. காலையிலேயே தலையிடிக்கிறது என்று சொல்லிப் பனடோல் போட்டவள் கலா. திரும்புவமா என்று இடையில் கேட்டேன். "விசரே உனக்கு? இவ்வளவு வருசம் கீழ நிண்டு பாத்த எனக்கு இந்தத் தலையிடி ஒரு தலையிடியே" என்றாள்.

ஒரு திருப்பத்தில் கடலும் கத்தானியா நகரமும் கீழே விரிந்து தெரிந்தன. கலா ஒரு கல்லில் உட்கார்ந்து, அந்தா அந்தப் பக்கம்தான் நான் இருந்த வீடு என்று கையை நீட்டிக் காட்டினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் கண்டதில்லை. பிறகு தண்ணீர் குடிக்கப் போத்தலை எடுத்தாள். போத்தல் வலக்கையிலிருந்து நழுவிக் கறுப்பு மண்ணில் உருண்டு போனது. அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. நான் கிட்டப் போவதற்குள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

"வெயில் அடிச்சுப்போட்டுது, தலையிலை தண்ணி ஊத்து" என்று தவமக்கா கத்தினார். எனக்கு லண்டனில் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒட்டியிருக்கும் பக்கவாதப் படம் நினைவுக்கு வந்தது. கோணிய முகம், தூக்க முடியாத கை. எத்தனை தரம் அதைப் பார்த்துக்கொண்டு நம்பர் கூப்பிடும்வரை இருந்திருப்பேன்! "கலா, ரண்டு கையையும் தூக்கு." இடக்கை எழும்பியது. வலக்கை மண்ணில் கிடந்தது.

அவசர நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் குரல் இத்தாலியனில் படபடவென்று எதையோ கேட்டது. இங்கிலீஷ், இங்கிலீஷ் என்று கத்தினேன். பிறகு ஓர் ஆண் குரல் இங்கிலீஷில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டது. "எட்னா" என்றேன். "எட்னா மிகப் பெரியது, மேடம்" என்றார் அவர். கேபிள் காருக்கு மேலே என்றேன், கறுப்பு மண் என்றேன், கடல் தெரிகிறது என்றேன். அந்த மலையில் எந்த இடத்துக்குத்தான் இது பொருந்தாது? எங்களில் இத்தாலியன் தெரிந்த ஒரே ஆள் மண்ணில் கிடந்தாள். போனை அவள் வாயருகே பிடித்து, "கலா, எங்கை நிக்கிறம் எண்டு சொல்லடி" என்று கெஞ்சினேன். அவள் குழறிக் குழறி இத்தாலியனில் ஏதோ சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. "சொல்லிப்போட்டாள் அக்கா, இனி வந்திடுவினம்" என்று தவமக்காவைக் கட்டிப்பிடித்தேன். போனைத் திரும்பக் காதில் வைத்தபோது சிக்னல் அறுந்திருந்தது.

அதன்பிறகு கழிந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தவமக்கா தன் சால்வையால் கலாவின் முகத்துக்கு நிழல் பிடித்தபடி தேவாரம் சொல்லத் தொடங்கி, நடுவில் மறந்து, திரும்பத் திரும்ப முதல் வரியையே சொன்னார். நான் மேலேயும் கீழேயும் ஓடி ஹெல்ப், ஹெல்ப் என்று கத்தினேன். சறுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. அந்த மலை ஒரு சத்தத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. கலாவிடம் வந்து, "என்னடி செய்யுது? நோகுதோ?" என்று கேட்பேன். அவள் இத்தாலியனில் பதில் சொல்வாள். "போன் கட்டாகிட்டுது கலா, எங்களோட தமிழிலை கதை" என்பேன். திரும்பவும் இத்தாலியன்தான். என் கையை இடக்கையால் பிடித்து, கண்கள் அகலத் திறந்து, ஏதோ மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை.

கடைசியில், மேலேயிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிய ஒரு வழிகாட்டிப் பெண் எங்களைக் கண்டு ஓடிவந்தாள். ரேடியோவில் பேசினாள். பிறகு கலாவின் பக்கத்தில் மண்டியிட்டு அவள் சொல்வதைக் கேட்டாள்.

"என்ன சொல்லுகிறாள்?" என்று கேட்டேன்.

வழிகாட்டி இங்கிலீஷில் சொன்னாள்: "இஸ்திரி போட வேண்டிய உடுப்பு நிறையக் கிடக்கிறதாம். நேரமாகிவிட்டது, வீட்டுக்கார அம்மா ஏசுவாள், தன்னைப் போக விடச் சொல்லுகிறாள்."

அந்த மலையில் நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். ஹெலிகொப்டர் வந்தது. கறுப்பு மண் எழும்பிக் கண்ணையும் வாயையும் நிரப்பியது. எங்களை ஏற்றவில்லை. கலாவை ஒரு படுக்கையில் கட்டித் தூக்கிக்கொண்டு, அவள் கைநீட்டிக் காட்டிய நகரத்தை நோக்கியே பறந்து போனார்கள்.

அடுத்த நாள் லண்டனிலிருந்து அவளுடைய புருஷன் நாதன் அண்ணை வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இரவு முழுக்க இருந்த எங்களுக்கு உள்ளே போக அனுமதி கிடைக்கவில்லை. அவர் உள்ளே போய்விட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உயிருக்குப் பயமில்லையாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா என்னோடையும் இத்தாலியன்தான் கதைக்கிறா. நான் தமிழிலை கேக்கிறன், புதினமாப் பாக்கிறா" என்றார். மூளையில் இரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு இருக்கும் இடம் பழுதாகிவிட்டது என்று டாக்டர் அவருக்கு விளக்கியிருந்தார். பல பாஷை தெரிந்தவர்களுக்குச் சிலவேளை ஒன்று போய் இன்னொன்று மிஞ்சுமாம். போனது திரும்பி வரலாம், வராமலும் விடலாம். மலையில் அவள் போனுக்குப் பேசவில்லை, எங்களுக்குத்தான் பதில் சொன்னாள் என்பது எனக்கு அந்த வாசலில்தான் விளங்கியது.

லண்டனுக்குக் கொண்டுவந்த பிறகு நடந்தவற்றை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள் அவள் பெயரையும் பிறந்த நாட்டையும் பார்த்துவிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் வணக்கம் அம்மா என்று தொடங்கி, அரைமணி நேரம் பாடுபட்டு, தோற்றுப் போனார். அடுத்த தரம் மொழிபெயர்க்க இத்தாலியன் பெட்டை ஒருத்தி வந்தாள். அறைக்குள் வந்து கட்டிலில் பொட்டோடும் தாலிக்கொடியோடும் இருந்த கலாவைப் பார்த்துவிட்டு, பிழையான அறைக்கு வந்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள். கலாவின் மகள், சின்ன வயதில் பேசிய இத்தாலியனைச் சுத்தமாக மறந்துபோனவள், இப்போது ரயிலில் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பப் படிக்கிறாள். பிள்ளையின் இங்கிலீஷுக்காக விட்டுவிட்டு வந்த பாஷை. அதைப் படித்தால்தான் அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசலாம்.

வேலை முடிந்ததும் நான் ஒவ்வொரு நாளும் போவேன். கலா தடியூன்றி நடக்கத் தொடங்கியிருந்தாள். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "போனா சேரா, சிஞ்ஞோரா" என்பாள். மாலை வணக்கம், அம்மா. நான் உட்கார்ந்தாலும் அவள் உட்காரமாட்டாள். ஒருநாள் எனக்குக் கோப்பி போடுவதற்காக, ஊனமான காலை இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். "எடி, நான் ரஞ்சியடி! என்னோட சேந்து கோப்பை கழுவின ரஞ்சி!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். பயந்துபோய், ஏதோ குற்றம் செய்தவள்போல மன்னிப்புக் கேட்டாள். நாதன் அண்ணை என்னை வெளியே கூட்டிவந்து, "குறை நினையாதை தங்கச்சி. உன்ரை பேர் வருகுதில்லை. மரியாதைக்குச் சொல்லுறா" என்றார். அவருடைய கண் என்னைப் பார்க்கவில்லை.

இரவில் படுத்திருக்கும்போது எனக்கும் அந்தப் பயம் வருகிறது. எனக்குள்ளும் ஒருநாள் ஏதாவது அடைத்துக்கொண்டால் எது மிஞ்சும்? தமிழ் மட்டும் மிஞ்சினால் என் பிள்ளைகளோடு என்ன பேசுவேன்? அவர்களுக்கு அம்மா, பசி, சோறு என்பதற்கு மேலே தெரியாது. இங்கிலீஷ் மட்டும் மிஞ்சினால், சமையலறையில் நான் பேசும் அந்த யெஸ்ஸும் சொரியும் தாங்க்யூவும்தான் நானா?

போன மாதம் கலாவின் பிறந்தநாளுக்கு அவளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம். நாதன் அண்ணை அர்ச்சனைத் தட்டை நீட்டினார். புது ஐயர், எங்களை முன்பின் தெரியாதவர். கலாவை நேரே பார்த்து, "பேர் என்ன அம்மா?" என்று கேட்டார். கலா தடியில் சாய்ந்தபடி, "சோனோ ஸ்தாங்கா" என்றாள். ஐயர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். இந்த நாட்டில் எத்தனையோ விதமான பெயர்களுக்கு அர்ச்சனை செய்து பழகியவர் போலிருக்கிறது. தலையாட்டிக்கொண்டு நட்சத்திரம் கேட்டார். நாதன் அண்ணை அதை மட்டும் சொன்னார்.

"என்ன அண்ணை சொன்னவ?" என்று மெல்லக் கேட்டேன்.

"நான் களைச்சுப் போனன் எண்டவ" என்றார். ஐயரைத் திருத்தவில்லை. கைகூப்பியபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சமஸ்கிருதத்துக்கு நடுவே, மணிச் சத்தத்தோடு, சோனோஸ்தாங்கா என்ற நாமதேயத்துக்கு ஐயர் உரத்த குரலில் சங்கற்பம் சொன்னார். அதைக் கேட்டதும் கலா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எத்தனையோ மாதமாக நான் காணாத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. இந்தப் பெரிய ஊரில் தன்னோடு கதைக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதென்று நினைத்திருக்க வேண்டும். தடியை என் கையில் தந்துவிட்டு, ஓரடி முன்னால் போய், ஐயருக்கு எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கர்ப்பக்கிரகத்துக்குள் போய்விட்டார். அவருடைய முதுகைப் பார்த்து அவள் இன்னும் இன்னும் வேகமாகச் சொல்லிக்கொண்டே நின்றாள்.