ஏழாயிரம்பண்ணை சாலையில் ஆறாத எஞ்சின்

புதன்கிழமை, காலை 5.10. மதுரை பழங்காநத்தத்தில் என் வீட்டு வாசலில் வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்க ஆள் இல்லாததால் எதிர் வீட்டு நாயிடம் கையாட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

வண்டி 1998 மாடல், நூறு சிசி. நான்கு மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடுகு அளவு ஸ்க்ரூக்களை நாள் முழுக்க முடுக்குகிறவன். எஞ்சினில் இருப்பதும் ஸ்க்ரூதானே, கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன். ஆயில் மாற்றினேன், பிளக் மாற்றினேன். இரண்டும் சரியாக வந்ததும் தலை கனத்துப்போயிற்று. மூன்றாவதாக டேப்பெட்டில் கை வைத்தேன்.

வண்டி ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எஞ்சினின் தலைப்பக்கத்தில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று பெட்ரோலும் காற்றும் உள்ளே வர, ஒன்று புகை வெளியே போக. அவற்றைத் தட்டித் திறக்கிற கைக்கும் வால்வுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இருப்பதால் டிக் டிக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. ஃபேன் கிறீச்சிட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிற ஜென்மம் நான். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நேற்று சாயங்காலம் பெட்ரோல் போட்டுவிட்டு வந்த சூட்டோடு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்தேன். விரல் இரண்டு இடத்தில் சுட்டது. சத்தம் நிற்கும்வரை முடுக்கினேன். நின்றது.

பயணம் எதற்கு என்று சொல்லவில்லையே. என் அக்கா முத்துலட்சுமி ஏழாயிரம்பண்ணையில் இருக்கிறாள். அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி அறையில் வேலை. அவளுடைய இரண்டு வயது மகள் தாரணிக்கு இன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். மாமன் சீராக வாங்கிய கம்மல் சட்டைப் பையில் இருந்தது. பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நேரம். பன்னிரண்டு அடித்தால் ராகு காலம். அக்கா வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒன்பது மணிக்கு வேன். “பஸ்ல வந்துரு தம்பி” என்று அக்கா மூன்று முறை போனில் சொன்னாள். நானே சர்வீஸ் பண்ணிய வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

6.35. விருதுநகர். என் வண்டி மீட்டர்படி 49 கிலோமீட்டர். ஊருக்குள் நுழையும்போது ஆக்சிலேட்டரைக் குறைத்தேன். சைலன்சரில் ‘டப்’ என்று ஒரு வெடி. டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். டீ பதினைந்து ரூபாய். குடித்து முடிக்கும்வரை என்னால் உட்கார முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“எந்தப் பக்கம் போறீக?” என்றார் டீ ஆற்றியவர்.

“சிவகாசி தாண்டி, ஏழாயிரம்பண்ணை.”

“இந்தச் சத்தத்தோடயா? அங்கன போயி இப்படி வெடிச்சீகன்னா உங்களைத்தான் முதல்ல வெடிப்பாக.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். புது பிளக் செட்டாக இரண்டு நாள் ஆகும் என்று விளக்கம் வேறு சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

7.30. சிவகாசி. 26 கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து நிமிடம் பிடித்தது. மேட்டில் ஏறுகிறபோது வண்டி மூச்சு வாங்கியது. அச்சகத் தெருக்களில் அந்த நேரத்துக்கே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷத்துக் காலண்டர் முருகனும் லட்சுமியும் ஈரம் காயாமல் கட்டுக்கட்டாக நடைபாதைக்கு வந்திருந்தார்கள். கம்பெனி வேன்களில் பெண்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள், ஜன்னல் கம்பிகளில் தூக்குவாளிகள் தொங்கின. நின்று பார்க்க வேண்டிய ஊர். நான் பார்த்ததெல்லாம் கைக்கடிகாரத்தைத்தான். பங்க் கூட்டத்தில் அரை மணி நேரம் நின்று இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வெம்பக்கோட்டை சாலையைப் பிடித்தேன்.

ஊர் முடிந்ததும் கரிசல் காடு. காய்ந்த நிலத்துக்கு நடுவே வேலி, வேலிக்குள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், வாசலில் லைசென்ஸ் எண் எழுதிய போர்டு. ஒரு கம்பெனி முடிந்தால் அடுத்தது. ஒவ்வொரு கேட்டைத் தாண்டும்போதும் வண்டி வெடித்துவிடக் கூடாதே என்று பயந்து ஆக்சிலேட்டரைக் குறைக்காமலே போனேன். எஞ்சின் இன்னும் கொதித்தது.

8.40. சிவகாசியிலிருந்து இருபத்திரண்டாவது கிலோமீட்டர். அக்கா வீட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும். ஒரு கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே வண்டி நின்றது. உதைத்தேன். கிளம்பவில்லை. ஆத்திரத்தில் மறுபடி மறுபடி உதைத்தேன். எட்டாவது உதையில் ‘டமார்’. உடனே இன்னொன்று, அதைவிடப் பெரிசாக.

வேலிக்கு உள்ளே அறைகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்திகூடக் கத்தவில்லை. வெறுங்காலோடு, முழங்கை வரை சாம்பல் நிற மருந்துப் பொடியோடு, நடுவிலிருந்த பொட்டலுக்கு வந்து அறைக்கு நாலு பேராகச் சேர்ந்து நின்றார்கள். ஓர் ஆள் ஒவ்வொரு கூட்டமாக எண்ணினார். ஒரு கூட்டத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அந்த மூவரும் கக்கூஸ் இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கிருந்து ஒருத்தி வெளியே வந்து சேர்ந்த பிறகுதான் எண்ணியவர் கேட் பக்கம் திரும்பினார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. இத்தனை பேரின் உயிரை ஒரு நிமிஷம் கையில் பிடித்து உலுக்கிவிட்டேன்.

அவர்தான் போர்மேன், பெயர் மாரிக்கண்ணு. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். வெறுங்காலோடு ரோட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, சாவியை எடுங்க. இனி உதைக்காதீக. அந்தா தெரியுதுல்ல கருவேல மரம், அது வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிருங்க.”

முன்னூறு அடி தள்ளினேன். அவரும் பின்னால் வந்து தள்ளினார். நான் யார், எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னதும் முகம் மாறியது.

“முத்துலட்சுமி அக்கா தம்பியா? எங்க கம்பெனிதான் அக்கா. இன்னைக்குக் காதுகுத்துன்னு லீவு சொல்லியிருக்காக. எனக்கும் பத்திரிகை வச்சாகளே!”

அக்காவுக்குப் போன் செய்தேன். வேன் கிளம்பப் போகிறது, சொந்தக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் என்றாள். “நீங்க முன்னால போங்க, நான் வண்டியைச் சரிபண்ணிட்டு நேரா கோயிலுக்கு வந்துர்றேன்” என்றேன். “பன்னெண்டுக்குள்ள வந்துரு” என்று வைத்துவிட்டாள்.

9.00. மரத்தடியில் டூல் பையை விரித்தேன். கோளாறு எனக்குத் தெரிந்துவிட்டது. இடைவெளியே இல்லாமல் முடுக்கியிருக்கிறேன். சூடு ஏறியதும் வால்வு மூடாமல் நிற்கிறது. எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். துண்டால் விசிறினேன். தண்ணீரை ஊற்றலாமா என்று பாட்டிலைக் கையில் எடுத்தும்விட்டேன். கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் ஓடி வந்தார்.

“தண்ணியை ஊத்திராதீக, சூட்டுல எஞ்சின் வெடிப்பு விட்டுரும். ஆக்கப் பொறுத்தவரு ஆறப் பொறுக்கக் கூடாதா? இங்கன நாங்க எதையுமே அவசரத்துல தொடுறதில்ல.”

போர்மேன் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய மருந்துக் கலவையைப் பார்க்கப் போய்விட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். அந்தப் பக்கம் பெண்கள் தங்கள் அறைகளுக்குத் திரும்பியிருந்தார்கள். உள்ளே போகுமுன் ஒவ்வொருத்தியும் வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுப் போனாள். உடம்பிலிருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடுமாம். ஒருத்திகூட அதைத் தாண்டி ஓடவில்லை.

10.20. போர்மேன் குளித்து, வேட்டி மாற்றி, தன் வண்டியோடு வந்து நின்றார்.

“ஏறுங்க அண்ணாச்சி. முப்பது கிலோமீட்டர்தான். சாத்தூர் வழியா பதினொன்னேகாலுக்குப் போயிருவோம். வண்டி இங்கன கிடக்கட்டும், வாட்ச்மேன் பார்த்துக்கிருவாரு.”

எஞ்சினைத் தொட்டேன். இளஞ்சூடு. இன்னும் கால் மணி நேரம். திறக்க ஐந்து நிமிஷம், சரிசெய்யப் பத்து நிமிஷம். பதினொன்றுக்குக் கிளம்பினாலும் பன்னிரண்டுக்குள் போய்விடலாம். கணக்கு அழகாக வந்தது.

“நீங்க போங்க. நான் பின்னாலேயே வந்துர்றேன்” என்றேன். சட்டைப் பையிலிருந்து கம்மல் டப்பாவை எடுத்தேன். “எதுக்கும் இதை அக்காகிட்ட குடுத்துருங்க.”

அவர் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “யோசிச்சுக்கோங்க” என்றார். நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

10.40. மூடியைத் திறந்தேன். பக்கவாட்டுச் சக்கரத்தில் T என்று ஒரு குறி இருக்கும், அது கோட்டுக்கு நேராக வரும்போதுதான் அளக்க வேண்டும். வந்தது. அளந்தேன், சரிசெய்தேன், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், எல்லாம் மாறிப்போயிருந்தது. வியர்த்துக் கொட்டியது. இரண்டு தடவை செய்து, இரண்டு தடவையும் கெட்ட பிறகுதான் புத்தகத்தைப் பிரித்தேன். அந்தக் குறி இரண்டு சுற்றில் இரண்டு முறை வருமாம். அதில் ஒன்றுதான் சரியாம். சரியான சுற்றில் வைத்து, இடைவெளி அளக்கிற 0.05 மில்லிமீட்டர் தகட்டை உள்ளே விட்டு, அது லேசாக உரசிக்கொண்டு வெளியே வரும்படி முடுக்கினேன். கடையில்கூட நான் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

11.25. ஒரே உதை. வண்டி கிளம்பியது. வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கா, நான் போவதற்கா என்று தெரியவில்லை. ஏழாயிரம்பண்ணையை அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமலே தாண்டினேன். சாத்தூருக்குள் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போனேன். வெடி இல்லை, மூச்சுவாங்கல் இல்லை. அந்த அவசரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

12.10. இருக்கன்குடி. வண்டி நிறுத்த இருபது ரூபாய். மொட்டைத் தலைகளையும் பொங்கல் புகையையும் கிடாக்களையும் விலக்கிக்கொண்டு ஓடினேன். புங்க மரத்தடியில் எங்கள் ஆட்கள். சமுக்காளத்தில் மாரிக்கண்ணு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தில் மாமனுக்குப் போடுகிற மாலை. மடியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு தாரணி. இரண்டு காதிலும் நான் வாங்கிய கம்மல். அழுது முடித்து, வாயில் ஒதுக்கிய சர்க்கரையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் மாரிக்கண்ணு பதறி மாலையைக் கழற்றப் போனார். “பன்னெண்டுக்குப் பத்து நிமிசந்தான் இருந்துச்சு, அக்காதான் உட்காரச் சொன்னாக…”

“நீங்க உட்காருங்க, பிள்ளை பயந்துரும்” என்றாள் அக்கா. நான் தாரணியிடம் கை நீட்டினேன். கையெல்லாம் கருப்பு ஆயில். அவள் மாரிக்கண்ணுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தாம்பாளத்தை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

“வண்டி சரியாயிருச்சாலே?”

“சரியாயிருச்சுக்கா.”

“நல்லது. பந்தி போட்டுட்டாக, போய்ச் சாப்பிடு.”

3.20. கிளம்பும்போது தாரணி தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா வேன் வரை வந்தவள், என் வண்டி நின்ற இடத்துக்கு வரவில்லை. மதுரைக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர். சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் போயின. வண்டி எங்கேயும் ஒரு நிமிஷம்கூடத் தகராறு செய்யவில்லை. எங்காவது நின்று தொலைத்திருந்தால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு, நிம்மதியாகத் தள்ளிக்கொண்டு வந்திருப்பேன்.