பன்னிரண்டரை நிமிடம்

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மறு வருடமே புது அலுவலகங்களுக்கு ஆள் எடுத்தார்கள். அப்படித்தான் மணிமொழி இருபது வயதில் புள்ளியியல் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்தாள். எந்தத் தாலுக்காவில் எவ்வளவு மழை, எத்தனை ஏக்கரில் வேர்க்கடலை என்று நாள் முழுக்க எண்களாக அடிக்கிற வேலை. மற்றவர்கள் அடித்து முடித்தால் போதும் என்று எழுந்துவிடுவார்கள். மணிமொழிக்கு அந்த எண்களைக் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஒரு நாள் அப்படிப் பார்த்ததில், செங்கத்தில் பெய்த மழை போளூர் வரிசைக்குப் போயிருப்பது தெரிந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை பார்த்தார்.

“நீ சொல்றது சரிதாம்மா. ஆனா இந்தக் கேள்வியெல்லாம் கேக்கிற சீட்டுக்கு டிகிரி வேணும். நீ பிளஸ் டூ தான?”

அந்த வருடமே தபால் வழியில் பி.எஸ்சி. கணிதத்துக்குப் பணம் கட்டிவிட்டாள்.

படிப்பு பாதியில் இருக்கும்போது புகழேந்தி பெண் பார்க்க வந்தான். ஊர் கலைக்கல்லூரியில் கணிதம் முடித்துவிட்டு வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவன் பக்கத்து மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டினான்.

“இந்த மூணாவது கணக்கு தப்புங்க” என்றான், காபி கொண்டுவந்தவளிடம்.

“தப்பில்லீங்க. அடுத்த பக்கம் திருப்பிப் பாருங்க. அங்கதான் முடியுது.”

அவன் திருப்பினான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான். அறையில் இருந்த எல்லாரும் என்ன என்று கேட்டார்கள். இருவருமே சொல்லவில்லை. தொண்ணூற்று மூன்றில் கல்யாணம்.

பத்து வருடம் ஓடியது. மகள் எழில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். மணிமொழி பட்டம் வாங்கி உதவியாளர் ஆகியிருந்தாள். அலுவலகம் ஊருக்கு வெளியே, வேலூர் சாலையில் வேங்கிக்காலில் இருந்தது. அடுத்த பதவிக்கு முதுகலைப் பட்டம் கேட்டார்கள். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு பல்கலைக்கழகம் புள்ளியியலில் எம்.எஸ்சி. படிப்பை இன்டர்நெட் வழியாக நடத்தப்போவதாக அறிவித்தது. பாடம் திரையில் வரும், தேர்வின் பாதியையும் திரையிலேயே எழுதலாம், ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் சென்னைக்குப் போனால் போதும். அவள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்ததும் புகழேந்தி கேட்டான்: “ஒண்ணுதான் வாங்கினியா?”

“உங்களுக்கு எதுக்குங்க? நீங்க படிச்சா டிப்போவுல என்னா குடுத்துடப் போறாங்க?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. நீ தனியா படிச்சா உன்னை எதிர்த்துப் பேச ஆள் வேணாமா?”

மறுநாள் இன்னொரு விண்ணப்பம் வாங்கி வந்தாள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையில் ராமதாஸ் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் வந்து ஊருக்கு மெயில் அனுப்பும் இடம். அவர்களுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைகளில் புடவையில் ஒருத்தியும் காக்கிச் சட்டையில் ஒருவனும் உட்கார்ந்து பாடங்களை அச்செடுத்துக்கொண்டு போவார்கள். அந்த அச்சுத்தாள்கள் பஸ்ஸில் வேலூருக்கும் ஆரணிக்கும் போயின. அலுவலக மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரிந்தன. விடியற்காலை நாலரைக்கு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன், இருவரும் எழுந்து சமையலறைத் தரையில் உட்கார்வார்கள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் சுவர் வழியாக வரும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு நாள் கேட்டே விட்டாள்.

“என்னா மணி, தினம் காத்தாலயே சண்டையா? பொண்ணு வளர்ற வூடு.”

“சண்டை இல்லக்கா. கணக்கு.”

“கணக்குக்கா இவ்ளோ சத்தம்?”

சத்தம் உண்மைதான். அதிலும் ஒரு சண்டை மூன்று நாள் நடந்தது. ஜனங்கள் எப்போது கேட்டாலும் ‘அரைமணி நேரமா நிக்கிறோம்’ என்று தன்னிடம் சண்டைக்கு வருவதாகப் புகழேந்தி சொன்னான். இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாகப் பத்து நிமிடம்தான் நிற்க வேண்டியிருக்கும், ஜனங்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்றாள் மணிமொழி.

“கூட்டிச் சொல்லல. நெஜமாவே ஜாஸ்திதான் நிக்கிறாங்க” என்றான் அவன். “இருபதுன்றது பேப்பர்ல. ரோட்டுல ஒண்ணு பின்னாடியே ஒண்ணு வரும், அப்புறம் ரொம்ப நேரத்துக்கு வராது. அந்தப் பெரிய இடைவெளியிலதான ஜனம் ஜாஸ்தி வந்து மாட்டும்?”

அவன் சொல்வது தப்பு என்று நிரூபிக்கத்தான் அவள் தாளை எடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் தாளை அவன் பக்கம் தள்ளிவிட்டு, “நீங்க சொன்னதுதாங்க சரி” என்றாள். அவனுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

இரண்டாம் ஆண்டுத் தேர்வு ஒன்று சித்ரா பௌர்ணமி அன்று வந்து விழுந்தது. காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம். உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். ராமதாஸிடம் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. தேர்வு ஓடும் அளவுக்கு ஒன்றுதான் சரியாக வேலை செய்தது. அதனால் மணிமொழி முதலில் எழுதுவது, முதல் டிரிப் முடித்து வரும் புகழேந்தி அடுத்து எழுதுவது என்று முடிவாயிற்று. இடையில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பதும் அவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஏற்பாடுதான்.

அவள் பதினொன்றரைக்கு முடித்துவிட்டாள். அவன் வரவில்லை. கிரிவலக் கூட்டத்தால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்காலில் இறங்கிய புகழேந்தி, தெரிந்தவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டுக்குச் சில நிமிடம் இருந்தது. சட்டை முழுக்க வேர்வை. மணிமொழி தண்ணீர் பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள். அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே போய், எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னா சார், வீட்ல கோவமா?” என்று ராமதாஸ் கேட்டார். புகழேந்தி தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தான்.

மூன்று வாரம் கழித்து இருவர் பெயருக்கும் தனித்தனியாக ஒரே கடிதம் வந்தது. ஒரே கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து தேர்வு எழுதியிருக்கிறீர்கள்; முப்பத்தாறாம் கேள்விக்கு இருவரும் ஒரே தவறான விடையை எழுதியிருக்கிறீர்கள்; தேர்வு எழுதியவர்களில் வேறு யாரும் அந்த விடையை எழுதவில்லை; காப்பியடித்ததாகக் கருதி முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது; விசாரணைக்கு நேரில் வரவும்.

புகழேந்தி கடிதத்தைக் கசக்கினான். “பதினஞ்சு வருஷமா டிக்கெட் குடுக்கிறேன். ஒருத்தன் என்னைத் திருடன்னு சொன்னதில்ல. இவன் யாரு சொல்றதுக்கு? வேணாம் மணி. எனக்கு இந்தப் பட்டமே வேணாம்.”

மணிமொழி கசங்கிய தாளை எடுத்து முழங்காலில் வைத்து நீவினாள். முப்பத்தாறாம் கேள்வி எது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு நிறுத்தத்தில் பஸ்கள் பத்து நிமிடம், முப்பது நிமிடம் என்று மாறி மாறி இடைவெளி விட்டு வருகின்றன. ஏதோ ஒரு நேரத்தில் வந்து நிற்பவர் சராசரியாக எத்தனை நிமிடம் காத்திருப்பார்?

“நீங்க என்னா போட்டீங்க?”

“பன்னிரண்டரை.”

“நானும் அதான். அது தப்பா?”

“எப்படித் தப்பாவும்?”

“அப்ப நாம போறோம். காப்பியடிச்சவங்கதான் போவக்கூடாது.”

விஷயம் தெரிந்ததும் ராமதாஸ் தானாகவே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ‘அன்று இவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. ஏதோ குடும்பத் தகராறு என்றே நினைத்தேன்’ என்று அதில் இருந்தது.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஒரு பேராசிரியை. மணிமொழியை முதலில் கூப்பிட்டார்கள்.

“ஒரே மெஷின், ஒரே தப்பான விடை. என்ன சொல்றீங்க?” என்று கேட்டார் ஓரத்தில் இருந்த அதிகாரி.

“ஒரே விடைதான் சார். ஆனா தப்பில்ல.”

“எங்க விடைக்குறிப்புல பத்துனு இருக்கு.”

“அப்படின்னா விடைக்குறிப்புதான் சார் தப்பு.”

“யோசிச்சுப் பேசுங்கம்மா.”

“யோசிச்சுட்டுதான் வந்திருக்கேன். போர்டுல போட்டுக் காட்டட்டுங்களா?”

சாக்பீஸ் கையில் வந்ததும் படபடப்பு போய்விட்டது. நாற்பது நிமிடத்தைக் குறிக்க நீளமாக ஒரு கோடு கிழித்தாள். கால் பங்கு சின்ன இடைவெளி, முக்கால் பங்கு பெரிய இடைவெளி. சின்னதில் வந்து நிற்பவருக்குச் சராசரி ஐந்து நிமிடம், பெரியதில் பதினைந்து. கால் பங்கு ஐந்தையும் முக்கால் பங்கு பதினைந்தையும் கூட்டி விடையை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். பேராசிரியை பேனாவைத் திறந்து தன் தாளில் எதையோ போடத் தொடங்கினார்.

மணிமொழியை வெளியே உட்காரச் சொல்லி, போர்டை அழித்துவிட்டுப் புகழேந்தியைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. ஆனால் நிறைந்த பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கும் குரல் அவனுடையது.

“போர்டு வேணாங்க சார். நிமிஷத்துக்கு ஒரு ஆள்னு நாப்பது பேரு வராங்கனு வெச்சுக்கங்க. மொதல் பத்து நிமிஷத்துல பத்து பேரு. ஆளுக்கு அஞ்சு நிமிஷம், மொத்தம் அம்பது. அப்புறம் முப்பது நிமிஷத்துல முப்பது பேரு. ஆளுக்குப் பதினஞ்சு, நானூத்தி அம்பது. ஆக ஐந்நூறு நிமிஷம், நாப்பது ஆளு. நீங்களே வகுத்துக்கங்க.”

பிறகு பேராசிரியையின் குரல் கேட்டது: “உங்க மனைவி வேற மாதிரி போட்டாங்க.”

“அவங்க எப்பவுமே வேற மாதிரிதாங்க மேடம் போடுவாங்க.”

வெளியே பெஞ்சில் இருந்த மணிமொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது. குற்றச்சாட்டு நீக்கப்பட்டது, விடைக்குறிப்பு திருத்தப்பட்டது. கடிதத்தின் அடியில் பேராசிரியை கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘வகுப்பில் இனி இரண்டு வழியையும் சொல்லிக்கொடுப்பேன்.’

ஆனால் கடைசிப் பருவத்தில் ஒரு தாளில் புகழேந்தி தோற்றுப்போனான். அதில் யார் மேலும் பழி சொல்ல முடியாது. தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதமும் டிப்போவில் ஆள் குறைவு என்று அவனுக்கு இரட்டை டியூட்டி. மணிமொழி தேறிவிட்டாள். பட்டமளிப்பை அடுத்த வருடத்துக்குத் தள்ளி, சேர்ந்தே வாங்கலாம் என்றாள்.

“என்னாத்துக்கு? உனக்கு வேலைக்கு வேணும். நீ போய் வாங்கு. நானும் எழிலும் கீழ உக்காந்து கை தட்றோம். என்னோடது நான் தனியா வாங்கிக்கிறேன்.”

அப்படியே நடந்தது. இரண்டாயிரத்து ஆறில் அவள் மேடையேறினாள். மறு வருடத் தொடக்கத்தில் பதவி உயர்வும் வந்தது. தாலுக்காக்களிலிருந்து வரும் எண்களைக் கேள்வி கேட்கும் நாற்காலி அது.

அந்த வருடம் ஜூன் மாதம் ஒரு மதியம், தோற்ற தாளை மறுபடி எழுதியிருந்த புகழேந்தியின் பதிவெண்ணை அலுவலகக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்துவிட்டாள். ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு எழுதி வைத்துவிட்டு வேலூர் சாலைக்கு நடந்தாள். வேலூரிலிருந்து அவன் பஸ் திரும்பும் நேரம்தான். பஸ் வந்து நின்றதும் பின்படியில் ஏறினாள். உள்ளே நிற்க இடமில்லை. விசிலை வாயில் வைத்திருந்தவன் அவளைப் பார்த்துத் திகைத்துப்போனான்.

“என்னா இந்த நேரத்துல? எழிலுக்கு ஏதாவது...”

“எழில் நல்லா இருக்கா. ரிசல்ட் வந்துடுச்சு.”

அவன் கையில் கட்டாக இருந்த டிக்கெட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“அறுபத்தி ரெண்டு” என்றாள். “பாஸ்.”

முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் திரும்பி, “என்னாப்பா பாஸ்? பஸ் பாஸா?” என்றார்.

“இல்ல பெரியவரே. எம்.எஸ்சி. பாஸ்.”

“உம் புள்ளையா?”

“நான்தான்.”

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி, “நம்ம கண்டக்டர் எம்.எஸ்சி. பாஸாம்பா!” என்று கத்தினார். யாரோ விசிலடித்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து ஹாரனை நீளமாக அழுத்தினார். புகழேந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு டிக்கெட்டைக் கிழித்து மனைவியிடம் நீட்டினான்.

“பஸ் ஸ்டாண்டுங்களா மேடம்?”

“ஆமா” என்று மணிமொழி பர்ஸைத் திறந்தாள்.