சாவியக்கா என்ற பெயர் யாருடையது

"ஆள் அனுப்புறேன்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சு? நான் வாசல்ல நிக்கிறேன், உள்ள அடுப்பு எரியுது!"

போனில் கத்திய பெண்ணுக்கு யாரையும் அனுப்புவதாக அக்கா சொல்லவில்லை. அந்தப் பெண் யாரென்றே அக்காவுக்குத் தெரியாது. ஆனாலும் தெருவைக் கேட்டுக்கொண்டு, கருவிப் பையோடு ஸ்கூட்டரில் பறந்து, பூட்டைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. ஜன்னல்களைத் திறந்து புகை போன பிறகுதான் அந்தப் பெண் தன் போனைக் காட்டினாள். பெரிய பூட்டுக் கம்பெனி ஒன்று, கதவு திறக்க ஆள் அனுப்பும் செயலி தொடங்கியிருந்தது. அதில் பதிவு செய்தும் யாரும் வராததால், இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணுக்கு அடித்திருக்கிறாள்.

செயலியின் பெயர் 'சாவியக்கா'.

அது அக்காவின் பெயர். அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே அவளுக்கு ஒரு கடை. கையை நீட்டினால் இரு பக்கச் சுவரும் தொடும். சாவி வெட்டும் இயந்திரம் ஓடினால் பித்தளைத் தூள் தலைமுடி வரை ஒட்டும். மாடியிலிருந்து பெண்கள் "சாவியக்கா!" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரரே 'அப்படி யாரும் இங்க இல்லையே' என்பார். அந்தப் பெயரிலேயே தம்பி ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். கடைப் பலகையிலும் சாவி வளையத்திலும் அந்த முகவரியை அச்சடித்தாள். ஊரில் அந்தச் செயலியைப் பற்றி யாரும் கேள்விப்படாத காலம் அது.

இப்போது கம்பெனியின் மேல் வந்த வசவெல்லாம் அவள் போனுக்கு வந்தது. "அது நான் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது. அது போதாதென்று, இணைய முகவரித் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பிடம் கம்பெனி கொடுத்த புகாரும் வந்து சேர்ந்தது. அந்தப் பெயர் தங்களுடைய டிரேட்மார்க், விற்றுக் காசு பார்க்கும் கெட்ட எண்ணத்தோடு அதை யாரோ வளைத்துப் போட்டிருக்கிறார்கள், முகவரியைப் பிடுங்கித் தங்களிடம் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த 'யாரோ' அவள் தம்பி. முகவரியை அவன் தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தான். ஆதாரமாக அவன் அனுப்பிய மின்னஞ்சலையும் இணைத்திருந்தார்கள்: 'நல்ல விலை கொடுத்தால் தருகிறோம்.'

தம்பியை வரவழைத்தாள்.

"என்னடா இது?"

"அவங்க ஆளுதான்க்கா முதல்ல மெயில் போட்டு, விக்கிறீங்களான்னு கேட்டான். எவ்வளவு தருவான்னு சும்மா பார்த்தேன்."

"என் பேருக்கு நீ விலை பேசினியா?"

"பேரு இல்லக்கா, வெறும் டொமைன், வெப்சைட் முகவரி..."

"அந்த வெறும் டொமைனுக்குத்தான் அவன் வக்கீல் வச்சு நமக்குத் திருட்டுப் பட்டம் கட்டியிருக்கான். உனக்கு ரோஷமே வரலையா?"

இரண்டாம் மாடியில் ஒரு வக்கீல் அம்மா இருந்தார். அக்கா புகாரை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் ஏறிப் போனாள்.

"கோர்ட்டுக்கு எப்ப போகணும்?"

"இதுக்குக் கோர்ட் கிடையாது. ரெண்டு பக்கமும் எழுதிக் கொடுக்கணும். நடுவர் ஒருத்தர் படிச்சுத் தீர்ப்பு சொல்வார்."

"நாலு வார்த்தை கேக்க நேர்ல ஒருத்தன்கூடக் கிடைக்க மாட்டானா?"

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கோபத்தை எழுத்துல வைப்போம். பேரு ஒண்ணா இருக்குன்னு சொன்னா மட்டும் அவங்களுக்குப் பத்தாது. அந்தப் பேருல உங்களுக்கு நியாயமான உரிமை இல்ல, கெட்ட எண்ணத்தோடதான் பதிவு பண்ணீங்கன்னும் அவங்கதான் காட்டணும். ஆனா பதில் போடாம விட்டா, பேரு கைய விட்டுப் போயிடும்."

பலகையோடு எடுத்த பழைய போட்டோக்கள், வாடிக்கையாளர்கள் நன்றி சொல்லி அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். அக்காவுக்காகத்தான் பதிவு செய்தேன் என்று தம்பியும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் முனகினான்.

"விலை பேசினதையும் நானே ஒத்துக்கணுமாக்கா? அசிங்கமா இருக்கு."

"பேசும்போது இல்லாத அசிங்கம் இப்ப என்ன? அவன் உனக்குப் போட்ட மெயிலையும் சேர்த்து வை."

ஒரு வீட்டு வாசலில் மண்டியிட்டுப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வக்கீலிடமிருந்து போன் வந்தது. கம்பெனி டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிப்பதற்கு வெகுகாலம் முன்பே முகவரி பதிவாகியிருந்தது. ஆகவே அவர்களைக் குறிவைத்துப் பதிவு செய்திருக்க முடியாது. அக்காவை ஊரே அந்தப் பெயரில் அறியும். விலைப் பேச்சைத் தொடங்கியதும் கம்பெனிதான். புகார் தள்ளுபடி. இது தெரிந்தும் புகார் கொடுத்தது முறைகேடு என்றும் நடுவர் எழுதியிருந்தார்.

"மன்னிப்பு கேக்கச் சொல்லியிருக்காரா?"

"அதெல்லாம் இதுல வராதுக்கா."

"செயலி பேரையாவது மாத்துவாங்களா?"

"அதுக்குத் தனி வழக்கு போடணும்."

கடைக்குத் திரும்பினால் தம்பி கேக் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். "ஜெயிச்சிட்டோம்க்கா!"

அக்கா பெட்டியை வாங்கவில்லை. நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "உக்காரு. முதல்ல டொமைன என் பேருக்கு மாத்து. அப்புறம் பாஸ்வேர்டு."

"என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

"இல்ல."

அவன் முகம் தொங்கிப்போனது. உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான். அவள் புதுப் பாஸ்வேர்டு போடும்போது எழுந்து வெளியே போய் நின்றான். அவன் கிளம்பியபோது கேக்கையும் எடுத்துப் போகச் சொன்னாள். அவன் தெரு திரும்பியதும் ஷட்டரை இழுத்து இறக்கிவிட்டு, இரண்டாம் மாடிக்கு ஏறினாள்.

"அந்தத் தனி வழக்கு சொன்னீங்களே, அதுக்கு என்னென்ன வேணும்?"