வெறுங்காட்டுப் படம்

தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் அக்கா நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் நான் ஒரு இலவச மென்பொருளைப் போட்டபோது அவள் முதலில் கேட்டது, "காசு வாங்காமக் குடுக்குறவனுக்கு இதுல என்ன லாபம்?" என்றுதான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் தெரியும் முகப்பு, அதிலுள்ள ஐகான்கள், கீழே ஓடும் பட்டை எல்லாவற்றையும் பல நாட்டு ஆட்கள் முகம் தெரியாமலே சேர்ந்து செய்கிறார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். இப்படியும் நல்ல மனசு உண்டா என்று வேவு பார்க்கத்தான் அந்தக் கூட்டத்தில் நுழைந்தேன். நுழைந்தவள் அங்கேயே ஐகான் வரைய உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பழைய முகப்பு பார்க்கச் சகிக்காது. எல்லா ஐகானையும் ஒரே தடிமனில் திரும்ப வரைந்தோம். ஒரு சாம்பல் நிறத்துக்காக மாதக்கணக்கில் சண்டை போட்டோம். புதுப் பதிப்புக்குப் பின்னணிப் படம் கேட்டார்கள். சித்திரை வெயிலில் பரளச்சிப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தி நான் எடுத்த படத்தை அனுப்பினேன். வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலம் (எங்கள் பக்கத்துப் பேச்சில் கரிசக்காடு), ஓரத்தில் ஒற்றை உடை முள்மரம், மற்றதெல்லாம் வானம். அதன் மேல் எங்கள் ஐகான்கள் பளிச்சென்று தெரிந்தன. ஆகா ஓகோ என்றார்கள். ரொம்பப் புகழ்ந்தால் ஏதோ வேலை வாங்கப் போகிறார்கள் என்று நினைக்கிற ஆள் நான். ஆனாலும் அதுவே புதுப் பதிப்பின் முதல் படமாக வந்ததும் அன்றைக்கே அக்கா கடையின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டேன்.

அது விவசாயிகள் பட்டாவோடு கடைக்கு வந்து பயிர்க் காப்பீடு பதிகிற நேரம். அந்தச் சீசன்தான் அக்காவுக்கு வருஷம் பூராவும் சோறு போடும். அந்த வருஷம் பரளச்சிப் பக்கத்துச் சம்சாரிகள் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள், கடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள், அடுத்த பஸ்ஸைப் பிடித்து டவுனுக்குப் போய்விடுவார்கள். எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர்தான் ஏதோ சொல்லிக் கலைக்கிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். அக்கா என்னைச் சந்தேகப்பட்டாள். நான் கடைக்குப் போகும்போதெல்லாம் திரையில் விரலை வைத்து, ஐகான் நிறம் சரியில்லை என்று சண்டைக்கு வந்தாள். "பழசே நல்லாத்தான இருந்துச்சு. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுட்ட" என்றாள்.

யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க நானும் கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் வந்தார். பட்டா நகலைக் கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்க காடுல்ல?"

எனக்கு ஒரே பெருமை. "ஆமாங்கய்யா, நாந்தான் எடுத்தேன். ஒலகம் பூராப் பாக்குறாக" என்றேன்.

அக்கா என் காலை மிதித்து, வாயை மூடு என்று தெலுங்கில் சொன்னாள். எங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவசரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிடும். பெரியவர் முகம் மாறிவிட்டது.

"ஏந்தாயி, எங்க காட்ட வச்சுக்கிட்டு எங்களுக்குத் தெரியாத பாசையில என்ன பேசுறீக?"

பட்டாவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் சோலாருக்கு நிலம் பிடிக்கிற புரோக்கர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே ட்ரோன் பறந்தால்கூட ஊரே கூடிவிடும். இங்கே நானும் அக்காவும் அதே காட்டின் மேல் விரலை வைத்து வைத்து, ஐகான் நிறத்துக்காகத் தெலுங்கில் வாக்குவாதம் செய்திருக்கிறோம். நானாக இருந்தாலும் பட்டாவைக் கொடுத்திருக்க மாட்டேன்.

திரையிலிருந்து படத்தை நீக்கிவிட்டு வெறும் நீலம் வைத்தேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. "பாரு, ஒளிச்சுட்டாளுக" என்று வாசலில் நின்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. அக்கா அழுதுவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பரளச்சிக்குப் பஸ் ஏறினேன். நான் படம் எடுத்த அதே காட்டில் பெரியவர் விதைத்துக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து படத்தைத் திறந்து, எதற்கு எடுத்தேன், எங்கே போயிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, அழிச்சிரு" என்றார்.

"ஏங்கிட்ட இருக்கறத அழிக்கலாங்கய்யா. வெளிய போனத இனிமே யாராலயும் திருப்பி வாங்க முடியாது."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சித்திரையில வந்து எடுத்தா காடு வேற எப்பிடி இருக்கும்? பாக்குறவன் தரிசுன்னுதான நெனப்பான். தரிசுன்னா சல்லிசாத்தான கேப்பான். வெள்ளாமை நிக்கிறப்ப வந்து எடுக்கணும்னு ஒனக்குத் தோணலையா தாயி?"

தோன்றவில்லை. ஐகான் தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"மொளைக்கட்டும். வா" என்றார்.

மழை பெய்து மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்ததும் போனேன். எங்கே நிற்க வேண்டும் என்று அவரே காட்டினார். நின்று எடுத்தேன். கூட்டத்துக்கு அனுப்பினேன். பச்சையும் கோடுமாக இருக்கிறது, மேலே எழுத்தே தெரியவில்லை, இது வேண்டாம் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். வேறொருவர் அனுப்பியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அக்கா கடையில் அதைத்தான் போட்டேன். அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு ஐகானைத் தேடினாள், என்னைத் திட்டிக்கொண்டே.

காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிய சமயத்தில் பெரியவர் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. திரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பட்டாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார். வாசலில் தயங்கி நின்ற வேறு ரெண்டு சம்சாரிகளும் அவர் பின்னாலேயே உள்ளே வந்தார்கள்.

நான் அக்கா பக்கம் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எதுன்னாலும் தமிழ்லயே பேசுங்க தாயி" என்றார்.