துருப்புக் கப்பலின் கதவுக்காரனை மலைக்குக் கூட்டிப் போனேன்

மாம்பழ லாரிகள் சித்தூர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற நாளாகப் பார்த்துக் கிளம்பியது என் புத்திசாலித்தனம். நகரியிலிருந்து சித்தூர், அங்கிருந்து திருப்பதி, அப்புறம் மலை. போக இரண்டு நாள், வர ஒரு நாள். ஞாபகம் தடுமாறுகிற பெரியவர்களை மலைக்குக் கூட்டிப் போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் போனில் பேசுவேன், அது எழுதிக்கொள்ளும், மருமகள் சரிபார்த்து ஏற்றிவிடுவாள்.

போனது முனிரத்தினத்துக்காக. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்கள். பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு போய்ச் சண்டைக் கரையில் இறக்கிவிடுகிற கடற்படைக் கப்பல். நான் அதில் முடிவெட்டுகிறவன். சிப்பாய்கள் எனக்கு வைத்த பெயர் கத்திரி. முனி, கப்பலின் முன்கதவைப் பார்த்துக்கொள்கிறவன். அந்த மாதிரிக் கப்பலுக்கு மூக்கே கதவு. மணலில் போய் முட்டி நின்றதும் மூக்கு இரண்டாகப் பிரியும், உள்ளேயிருந்து இரும்புப் பலகை சரிந்து இறங்கும், அதன்மேல் நடந்து ஆட்கள் தண்ணீரில் இறங்குவார்கள். கடைசி ஆள் இறங்கினதும் மூட வேண்டியது முனி. திரும்ப ஏற்றும்போதும் அப்படித்தான். கடைசி ஆள் ஏறினதும் இரும்பை இரண்டு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் பலகையைத் தூக்குவார்கள்.

முனியின் மகள் கோமதி ஒருநாள் போன் செய்தாள்.

"சித்தப்பா, நைனா தலையில கையே வைக்க வுடமாட்டேங்கறாரு. முடி சடையா ஆயிப்போச்சு. உள்ள புண்ணு. டாக்டரம்மா முடிய எடுத்தாத்தான் மருந்து வைக்க முடியும்னுட்டாங்க. ஆஸ்பத்திரில புடிச்சாங்க, கடிச்சிட்டாரு."

"மயக்க மருந்து குடுக்கறது?"

"இதயம் தாங்காதுன்றாங்க. அப்பிடியே வுட்டா புண்ணு உள்ள போயிடுமாம். கேட்டா ஒரே பேச்சுதான். பசங்க இன்னும் ஏறல, பசங்க இன்னும் ஏறலங்கறாரு. எந்தப் பசங்க சித்தப்பா?"

எனக்குத் தெரியும். போனில் சொல்ல முடியவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நகரியிலிருந்து சித்தூருக்குப் பள்ளிப்பட்டு வழியாக அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பஸ் இரண்டு மணி நேரத்தில் போகும். மாம்பழக் காலத்தில் ஜூஸ் கம்பெனி வாசலிலிருந்து லாரி வரிசை ரோடு வரைக்கும் வந்துவிடும், கூட ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் மணம் சும்மா கிடைக்கும்.

முனி வீடு சித்தூரில் கட்டமஞ்சிப் பக்கம். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தோளைத் தொடுகிற முடி, கயிறு கயிறாக. பக்கத்தில் போனால் புண் வாடை. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். மகளையே சில நாள் யாரென்று கேட்கிறவன், "வாடா கத்திரி, டீ குட்ச்சியா?" என்றான்.

சரி, சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். கோமதி துண்டு கொண்டுவந்தாள். முனி என் கையைப் பிடித்துக்கொண்டான். கோபமே இல்லை, எனக்குப் புத்தி சொல்கிற மாதிரிதான் பிடித்தான்.

"பசங்க ஏறாம எப்புட்றா? உனக்குத் தெரியாதா?"

விஷயம் இதுதான். எழுபத்தொன்றில் நடந்த வங்காளச் சண்டையில் ஒரு கரையில் பட்டாளத்தை இறக்கினோம். மார்பளவு தண்ணீர். துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கு முந்தின நாள் பூராவும் அவர்களுக்கு நான் முடிவெட்டினேன், ஒவ்வொருத்தன் பிடரியும் எனக்குத் தெரியும். சண்டைக்கு ஆள் இறக்கினால் எங்கள் கப்பலில் ஒரு பழக்கம் உண்டு. இறங்கினவர்கள் அதே கதவு வழியாகத் திரும்பி ஏறுகிற வரைக்கும் கதவுக்காரர்கள் தலையில் கத்தரி படக்கூடாது. எந்தச் சட்டத்திலும் இது இல்லை. அவர்களாக வைத்துக்கொண்டது. முனி ஒருபடி மேலே போனான். எல்லாரும் திரும்பி ஏறினால் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் பெருமாளே என்று வேண்டிக்கொண்டான்.

சண்டை முடிந்தது. எங்கள் கதவு வழியாக ஒருவரும் ஏறவில்லை. பாதிப் பேரை ரயிலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். சில பேரை வேறு கப்பல் கொண்டுவந்தது. சில பேர் வரவே இல்லை. யார் எதில் சேர்த்தி என்று கதவுக்காரனிடம் வந்து யார் சொல்வார்கள்? அதிகாரி முடியை வெட்டச் சொல்லி உத்தரவு போட்ட அன்றைக்கு நானே முனிக்கு முடிவெட்டினேன். ஆனால் மலைக்கு மட்டும் அவன் போகவில்லை. தொண்ணூறு கிலோமீட்டரில் ஏழுமலையானை வைத்துக்கொண்டு, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, ஒரு தடவைகூடப் போகாதவன் சித்தூரிலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். கட்சிக்காரன், சாமி இல்லை என்கிற ஆள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோமதியிடம் இதைச் சொன்னேன். கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள். அப்புறம், "எங்க அம்மா சாவற வரைக்கும் இத்தக் கேட்டுக்கினே இருந்துச்சு சித்தப்பா. ஏன் மலைக்கு வரமாட்டேங்கறன்னு," என்றாள்.

டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டோம். புண்மேல் கத்தி படாமல் சுற்றி எடுத்தால் போதும், மறுநாளே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். விடியற்காலையில் மூன்று பேரும் கிளம்பினோம்.

சித்தூர் – திருப்பதி பஸ் அடிக்கடி உண்டு. எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வயசானவர்களோடு போனால் காலை முதல் பஸ்ஸே நல்லது, வெயில் ஏறினால் சந்திரகிரி தாண்டுவதற்குள் வெந்துபோவோம். கிளம்பின கொஞ்ச நேரத்தில் முனி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான். "எங்க போறோம்? யாரு கப்பல்ல இருக்கறது?"

அவனை உட்கார வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்கள் கப்பலின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வது. பழைய ஆட்கள் எனக்குச் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் தன் சண்டைக்காகக் கட்டின கப்பல் அது. பர்மா பக்கம் டாங்கியும் ஆளும் கொண்டுபோனது. சண்டை முடிந்ததும் மிச்சமானவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் போனபின் நம்முடையது ஆனது, புதுப் பெயர், புது வர்ணம். அடியில் ஒட்டுப் போட்ட தகடு மட்டும் பழசு.

"அந்தத் தகடு ஒழுவும்டா," என்றான் முனி.

"ஒழுவும். நீதான் சாக்கு அடச்சி வைப்ப."

அப்புறம் அந்தமானுக்கு அரிசி. வீடு வாசலை விட்டு வந்த வங்காளிக் குடும்பங்களைத் தீவில் கொண்டுபோய் இறக்கினது. ஆடு, மாடு, அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் அதே கதவு வழியாக. ஒரு பசு கப்பலிலேயே கன்று போட்டது.

"சீம்பால் துன்னமே," என்றான். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், கண்ணைத் துடைக்க.

வங்காளச் சண்டையைத் தாண்டிவிட்டு நேராகப் புயலுக்குப் போனேன். நம்ம ஆந்திரக் கரையில் புயல் அடித்தபோது தார்ப்பாயும் அரிசியும் கொண்டுபோனோமே, அது. அதோடு நிறுத்திக்கொண்டேன். கப்பலின் கடைசியை நான் அவனிடம் எப்போதுமே சொன்னதில்லை. அவன் முன்னாலேயே வேலையை விட்டுவிட்டான். அதை இழுத்துக்கொண்டு போகும்போது நான் துறைமுகத்தில் நின்று பார்த்தேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இட்லி தின்றுவிட்டு மலை பஸ் பிடித்தோம். மலைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரத்துக்குள். எனக்கு டிக்கெட் தொண்ணூறு ரூபாய் ஆனது. வளைவுக்கு வயிறு புரட்டும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். முக்கியமான சமாசாரம், அடிவாரத்து அலிபிரியில் எல்லாரும் மூட்டையோடு இறங்கிச் சோதனைக்குப் போய்விட்டு மறுபடி பஸ் ஏற வேண்டும். ஞாபகத் தடுமாற்றம் இருக்கிறவர்களோடு போகிறவர்கள் கையை விடவே கூடாது. நான் விட்டுவிட்டேன்.

சோதனை முடிந்து எங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் முனி அருகில் இல்லை. கோமதிக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் பஸ் கதவருகில் நிற்கிறான். முதுகு நேராக, ஒரு கை கம்பியில். ஏறுகிறவர்களை ஒவ்வொருத்தராகத் தோளைத் தொட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறான். "பாத்து, பாத்து. வழுக்கும். மூட்டைய முன்னால தள்ளு." மொட்டையடிக்கப் போகிற சின்னப் பையன்கள் முதல் கிழவிகள் வரைக்கும் சொன்னபடி ஏறினார்கள். ஒரு பெண் அவனைக் கும்பிட்டுவிட்டு ஏறினாள், சடைமுடியைப் பார்த்துச் சாமியார் என்று நினைத்திருப்பாள்.

எல்லாரும் ஏறியாயிற்று. நாங்கள் மூன்று பேர்தான் கீழே. டிரைவர் எட்டிப் பார்த்துத் தெலுங்கில் ஏறச் சொன்னார். "பெத்தாயனா, எக்கண்டி. டைம் அவுதுந்தி."

"இன்னும் ஆள் வரணும்," என்றான் முனி.

"எவரு ராவாலி? அந்தரூ எக்காரு கதா!" யார் வரவேண்டும், எல்லாரும் ஏறியாயிற்றே என்கிறார்.

கண்டக்டர் தலையை எண்ணிப் பார்த்து எல்லாரும் இருக்கிறார்கள் என்றார். முனி அசையவில்லை. அலிபிரிக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் இரண்டு பஸ் ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து ஒருவர், "ஸ்வாமி, தரிசன டைம் போயிடும்," என்றார். கோமதி, "நைனா, ஏறு நைனா," என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டான். இங்கே ஏறாவிட்டால் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும், அப்புறம் அந்தப் புண்ணுக்கு வழி இல்லை. அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"முனி. மூடிடு. மிச்சம் பேரு வேற கப்பல்ல ஏறிட்டாங்க."

திரும்பிப் பார்த்தான். "யாரு சொன்னா?"

"மேல இருந்து சொன்னாங்க."

"எல்லாருமா?"

தண்ணீரில் இறங்கின பிடரிகள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. பிடரியில் சுழி இருந்த ஒருத்தன், காதுக்குப் பின்னால் தழும்பு இருந்த ஒருத்தன்.

"எல்லாரும்," என்றேன்.

"இத்த அப்பவே சொல்லியிருக்கலாமேடா," என்றான். அவ்வளவுதான். பஸ் தகரத்தை இரண்டு தட்டு தட்டினான். டிரைவர் உடனே வண்டியைக் கிளப்பிவிட்டார், நல்லவேளை நாங்கள் படியில் கால் வைத்திருந்தோம். வளைவு வளைவாக ஏறும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். கோமதி எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

மலையில் முடி எடுக்கும் இடம் கல்யாணகட்டா. காசு கிடையாது. டோக்கனும் பிளேடும் கொடுப்பார்கள், டோக்கனில் இருக்கிற ஆளிடம் போய் உட்கார வேண்டும். அங்கே வெளி ஆள் கத்தி எடுக்கக் கூடாது, அதனால் என் கத்தரிக்கோல் கோமதி வீட்டிலேயே இருந்தது. முனிக்கு வாய்த்தவர் அனுபவமான ஆள். புண்ணைக் காட்டினேன். தண்ணீர் தெளித்துத் தெளித்து ஊறவைத்து, புண்ணைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு விட்டுவிட்டு, பிடரியிலிருந்து எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில்கூடக் குறை சொல்ல முடியாது, தொழில்காரன் சொல்கிறேன். முனி குழந்தை மாதிரி தலையைக் குனிந்து கொடுத்தான். பக்கத்தில் நானும் உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன். அவன் கதவை மூட உத்தரவு கொடுத்தவன் நான்தானே.

குளித்துவிட்டு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். சுற்றிலும் மொட்டைத் தலைகள், சந்தனம் பூசினதும் பூசாததும். முனி தலையைத் தடவிக்கொண்டு கேட்டான்.

"கப்பல் எங்கடா இப்ப?"

இந்தத் தடவை என்னால் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. "ஒடச்சிட்டாங்க முனி. இழுத்துக்கினு போயி ஒடச்சிட்டாங்க. ரொம்ப நாளாச்சு."

"கதவ?"

"கதவையுந்தான்."

"அப்ப மூடற வேல இல்ல," என்றான். பிறகு கோமதியைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பசிக்குதும்மா," என்றான். அவள் எழுந்து சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம் என்று யாரையோ கேட்கப் போனாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

போகிறவர்களுக்கு: மொட்டை எடுக்கும் முன் தலையில் புண் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், எடுக்கிறவரிடமும் காட்டுங்கள். மாற்றுத் துணி இரண்டு வேண்டும். பெரியவரின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதின சீட்டு வையுங்கள். கூட்ட நாள் வேண்டாம். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். அவர்கள் எங்கேயோ நின்றுகொண்டிருந்தால் நீங்களும் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், எதற்காக நிற்கிறார்கள் என்று கேளுங்கள். பஸ் காத்திருக்கும். திட்டுவார்கள், காத்திருப்பார்கள்.

முனிக்குப் புண் காய்ந்துவிட்டது. நேற்று கோமதி போன் செய்து அவனிடம் கொடுத்தாள். முடி முள்ளு முள்ளாக வளர ஆரம்பித்திருக்கிறதாம், அரிக்கிறதாம். "கத்திரி, எப்ப வர்ற?" என்றான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.