நாய்க்கடி வீட்டு மாயம்மாள்

திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் மாயம்மாள் கஞ்சிக்கடை போட்டிருந்தாள். அவளைப் பெயர் சொல்லி யாரும் விசாரிப்பதில்லை. நாய்க்கடி வீடு எது என்று கேட்டால் போதும், கை காட்டுவார்கள். வெறிநாய் கடித்தால் அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. குஜிலியம்பாறைக்காரன் தினமும் வந்து போக முடியுமா? மாயம்மாள் வீட்டுச் சாய்ப்பில் படுத்து, அவள் கஞ்சியைக் குடித்து நாளைக் கடத்துவான்.

ஐம்பத்தாறாம் வருசம் ஒருவன் ஏழாம் ஊசியோடு கிளம்பினான். கால் புண் காய்ந்துவிட்டது. அவளும் மகராசனாகப் போய் வா என்று அனுப்பிவைத்தாள். இரண்டு மாதத்தில் அவனைக் கட்டிலோடு கட்டித் தூக்கிவந்தார்கள். தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறினான். புண் காலில்தான், விஷம் நரம்பு வழியே ஏறி மூளையை வேகவைத்துவிட்டது, இனி மருந்தில்லை என்றார் டாக்டர். அதன் பிறகு மாயம்மாள் யாரையும் பாதியில் விட்டதில்லை. முரண்டு பிடிக்கிறவன் வேட்டியை எடுத்துத் தொட்டியில் ஊறப்போட்டுவிடுவாள். எப்படிப் போவான்?

அறுபதில் சோலைமலை வந்தான். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவன். கடித்தது அவன் மடியில் போட்டு வளர்த்த நாய், செவலை.

"வெளையாட்டுக்குப் பல்லு பட்டுருச்சு ஆத்தா. அதுக்குப் போய் ஊசிங்கிறாக."

நாயைக் கட்டிப்போட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாள் கழித்தும் அது நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம். செத்தாலோ காணாமல் போனாலோ பதினாலையும் போட்டாக வேண்டும். நாயைக் கட்டிப்போடச் சொல்லி மட்டும் சோலைமலை வீட்டுக்கு ஆள் விட்டிருந்தான்.

பத்தாம் நாள் காலையில் அவன் மனைவி சண்முகவள்ளி பூ வருகிற பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"செவலை எப்படி இருக்கு?" என்றான் சோலைமலை.

"அதுக்கென்ன, நல்லா இருக்கு. புளியமரத்துல கட்டிக் கெடக்கு."

"பார்த்தியா ஆத்தா, நான் சொல்லலை? அஞ்சு ஊசி மிச்சம். டாக்டர்ட்டச் சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல போறோம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

மாயம்மாளுக்குக் கண் அந்தப் பெண் மேலேயே இருந்தது. பத்து நாள் பிரிந்திருந்தவள் புருசன் காலைக் குனிந்து பார்க்கவில்லை. வைத்த கஞ்சி வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, நாய் நேத்து என்ன தின்னுச்சு?"

"கம்பங்கூழு."

"குலைக்குதா?"

"ம்... குலைக்குது."

"என்ன ஆத்தா, போலீசு மாதிரி கேக்குறே?" என்றான் சோலைமலை. "அவ என்ன பொய்யா சொல்றா?"

"பொய்யின்னு யாருப்பு சொன்னா? பத்து நாளா உன் வாயில வேற பேச்சு இல்லை. எனக்கும் அந்த நாயைப் பார்க்கணும்போல இருக்கு. செத்த நேரம் இருங்க, நானும் வாரேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. எரிகிற விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள், பானையை மூடினாள், சேலையை உதறிச் செருகினாள். சண்முகவள்ளி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வராதீக ஆத்தா. நாய் இல்லை."

கடித்த அன்று சாயங்காலமே வாயில் நுரை தள்ளித் தெருவில் ஓடியிருக்கிறது. ஊரார் அடித்துக் கொன்று புதைத்துவிட்டார்கள். பாசமாக வளர்த்தவன், வீடு வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லாரும் பேசிவைத்தார்கள். நாயின் உயிரை வைத்துத்தான் ஊசிக்கணக்கு என்பது அவளுக்குத் தெரியாது.

சோலைமலை அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு மாயம்மாளைப் பார்த்தான். "உனக்கு இப்பக் குளுந்துச்சா?"

"குளுரலை. ஊசி நேரமாச்சு, எந்திரி."

"நான் போகலைன்னா?"

"வேட்டியை உருவிப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல நிப்பேன். இவ முன்னாலயே."

எழுந்து போனான். இரண்டு பெண்களையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இனி எங்கூடப் பேசமாட்டாக" என்று அழுதாள் சண்முகவள்ளி.

"பேசாட்டிப் போகட்டும். பேசாத புருசனோட குடும்பம் நடத்தலாம்த்தா. கஞ்சியைக் குடி."

பதினாலும் முடிந்து கிளம்பியபோது சோலைமலை மாயம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த வருசம் முழுக்க, பூ பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கண்டக்டரிடம் போய், சோலைமலை பூ ஏற்றிவிட்டானா என்று கேட்பாள். ஏற்றிவிட்டான் என்று அவர் சொன்னால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடுப்பைப் பார்க்க வந்துவிடுவாள்.