பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை

துணி சுருங்க வேண்டும் என்று ஆண்டவரிடம் ஜெபித்தவன் நான். இதை எங்கள் சபையில் யாருக்கும் சொன்னதில்லை.

பனியன் கம்பெனியில் துணியைச் சோதித்து அனுப்புவது என் வேலை. ரப்பர்போல இழுபடும் லைக்ரா நூல் கலந்த துணி இறுக்கிச் சுற்றிய ரோலாக வரும். பிரித்து ஒரு நாள் விரித்துப் போட்டால்தான் தன் அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டால் வெட்டிய பிறகு சுருங்கும். அன்று காலை பிரித்த ரோலை உடனே மேசையில் ஏற்றினார் கட்டிங் மாஸ்டர். தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன்.

"மாஸ்டர், இப்பதான பிரிச்ச துணி. ஒரு நாள் கெடக்கட்டும். நாளைக்கி வெட்டுவோம்."

"ஏனுங்கண்ணாச்சி, நாளைக்கு வண்டியேத்தோணும். துணி தூங்கி எந்திரிக்கற வரைக்கும் நான் தாலாட்டுப் பாடீட்டு இருக்கட்டுங்களா?"

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை சொன்னேன்.

"பாஸ்டரே, பிரசங்கத்த ஞாயித்துக்கெழமைக்கு வெச்சுக்கோங்க" என்றார் மாஸ்டர்.

காது சுட்டது. திரும்பி வந்து துணி சோதிக்கும் மிஷினை ஓட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் துணி நகர்ந்தது. ஓட்டை இருந்ததா இல்லையா, கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஜெபித்தேன். ஆண்டவரே, சுருங்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும். ஆமென் கூடச் சொன்னேன்.

பதினொரு மணிக்கு டீக்குப் போகும் வழியில், வெட்டிக் கட்டி வைத்த முதல் கட்டிலிருந்து ஒரு துண்டை உருவி, அளவுக்காக வெட்டி வைத்த அட்டையின் மேல் வைத்தேன். அரை அங்குலம் குறைந்தது. "ஸ்தோத்திரம்" என்று வாய் முணுமுணுத்தது. துண்டை இருந்த இடத்திலேயே செருகினேன்.

கட்டிங் மிஷின் சத்தம் நிற்கவில்லை. நாலு எட்டு நடந்து சொல்லியிருந்தால் மற்ற ரோல்கள் தப்பியிருக்கும். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முதலாளி மாஸ்டரிடம் சொல்லியிருந்ததும் எனக்குத் தெரியும். ஆனாலும் போகவில்லை. இரண்டு தடவை சொல்லியாயிற்று, என் கடமை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீ ஆறிப்போனது. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அழுக்கே இல்லாத கையை இரண்டு தரம் கழுவினேன். சொல்லைக் கேட்காத ஊரைப் பார்த்து இயேசு அழுதார் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் சபைப் பாஸ்டர் பேசினார். அதற்கும் ஆமென் சொன்னவன்தான் நான்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காலைல சும்மா கிண்டலுக்குச் சொன்னதுங்கண்ணாச்சி, மனசுல வெச்சுக்காதீங்க. பச்சப்பயறு கடஞ்சது, ஊத்திக்கோங்க."

என் சோற்றில் அவரே ஊற்றினார். கையிலெடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தேன்.

"மாஸ்டர், மிஷின நிறுத்தச் சொல்லுங்க. துண்டு குறையுது."

எச்சில் கையோடு ஓடினார். மிஷினை நிறுத்தி, அளந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தார்.

"எப்பப் பாத்தீங்க?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். "பதினொரு மணிக்கு" என்றேன்.

"ரெண்டு மணி நேரமுங்களா?" என் முகத்தையே பார்த்தார். "ஒரு சத்தமாச்சும் போட்டிருக்கலாமுங்க."

மீதி ரோல்களை இருவரும் பிரித்து விரித்துப் போட்டோம். வெட்டியதைச் சிறிய சைஸுக்குத் திருப்பி வெட்ட ஒதுக்கினோம். அவர் முதலாளி அறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"நீங்க எதுக்குங்க?"

"பதினொரு மணிக் கதைய நான்தான சொல்லணும்."

முதலாளி முன்னால் எனக்கு நாக்கு எழாது. அன்று திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். இருவருக்கும் நல்ல திட்டு. மாஸ்டரை வேலையை விட்டு அனுப்பவில்லை.

இப்போதும் அவர் என்னைப் பாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிடும் ஒவ்வொரு முறையும், அன்று அவர் முதலில் வந்து பயறு ஊற்றாமல் இருந்திருந்தால் நான் எழுந்து போய்ச் சொல்லியிருப்பேனா என்று மனம் கேட்கிறது. ஆம் என்று சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை.